மலைத்தேனும் நம் வாணிகமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் பேசும் தகுதி நமக்கு உண்டா என்னும் ஐயம் படியேறும்போதே நம்மைப் பற்றிக்கொண்டது. பேராசிரியர்களும் புலவர்களும் பேசிச் சென்ற மேடை இது. நாமோ இரயில்வே பார்சல் அலுவலகத்து எழுத்தர். பத்தாம் வகுப்புத் தேறியதோடு நம் படிப்பு நின்றது. தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால் அவர் இடத்தில் வேலைக்கு வந்தவர்கள் நாம். செயலாளர் அவர்கள், "வணிக நிறுவனங்கள் பழங்குடி மக்களின் நம்பிக்கையைப் பெறுவது எவ்வாறு?" என்று தலைப்புக் கொடுத்தபோது, இது நம் கைக்கு எட்டாத பொருள் என்று சொல்லித் தட்டிக் கழிக்கவே முயன்றோம். "உமக்கு எட்டாதென்றால் வேறு யாருக்கு ஐயா எட்டும்?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியின் உட்பொருள் நமக்கு விளங்கிற்று. சென்ற ஆனி மாதத்தில் நம் காலனி வாயிலில் நடந்ததை இங்குள்ளோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அன்று சங்கப் பண்டகசாலையின் பொருளாளர் நாமே.

வாணிக நேர்மையைப் பற்றி வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் சொல்லியிருப்பதை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஒப்புவித்தல் போட்டியில் நம் குழந்தைகள் அதனைப் பிழையின்றிச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் பரிசு பெற்றார்கள். பெரியவர்களுக்குத்தான் அப்போட்டி வைக்க ஆளில்லை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். வைகாசியில் மலைப்பக்கத்துப் பெரியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் தேன், பூந்திக்கொட்டை, கல்பாசி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு நம் காலனிக்கு வந்தார்கள். பண்டகசாலையின் பேரில் அவரிடம் பன்னிரண்டு கிலோ தேன் வாங்கினோம். அவர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் பேசினோம். குறைத்ததைச் சாமர்த்தியம் என்றும் எண்ணிக்கொண்டோம். அவர் வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நம் பிள்ளைகள்கூட அவரை "வா, போ" என்றே பேசினார்கள். நாமும் "ஏய், தேன்காரா" என்றுதான் அழைத்தோம். பத்து நாட்களில் அத்தேன் பாட்டில்களில் நுரைத்தது. ஒரு வீட்டில் மூடி தெறித்துச் சமையலறைச் சுவரெல்லாம் பாழாயிற்று. உடனே நம் கையாலேயே அறிவிப்புப் பலகையில் "போலித் தேன், எச்சரிக்கை" என்று கொட்டை எழுத்தில் எழுதினோம்.

அடுத்த முறை அவர் வந்தபோது வாயிலில் கூட்டம் கூடிற்று. ஒருவர் தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். ஒருவர் திரியில் தோய்த்துக் கொளுத்தினார். மற்றொருவர், நல்ல தேனை நாய் நக்காது என்று சொல்லித் தெருநாயைத் தேடி ஓடினார். முடிவில் இளைஞர் சிலர் டின்னைப் பறித்துச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். பெரியவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் மனைவியார் காலி டின்னை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டு நடந்தார். நாம் அதனைத் தடுக்கவில்லை. ஒரு சொல்லால் தடுக்கக்கூடிய இடத்திலேதான் நின்றிருந்தோம்.

உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் உணவுச் சோதனைச் சாலையில் வேலை பார்க்கிறார். மிச்சமிருந்த பாட்டில் ஒன்றை அவர் வழியாகச் சோதனைக்கு அனுப்பினோம். சர்க்கரைப் பாகு கலக்கப்படவில்லை என்றும், நீர்ப்பசை மட்டும் மிகுதி என்றும் அறிக்கை வந்தது. அவ்வறிக்கை ஒரு மாதம் நம் மேசை இழுப்பறையில் கிடந்தது. எடுத்துச் சொல்ல நாணமாக இருந்தது என்பதைத் தவிர வேறு சமாதானம் நம்மிடம் இல்லை.

இப்போது நாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது இது. பெட்டியில் வளர்க்கும் தேனீயின் தேன் வேறு. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயின் தேன் வேறு. மழைக்காலத்தை ஒட்டி எடுக்கும் மலைத்தேனில் நீர் மிகுந்திருப்பது இயற்கை. தேனில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் நீர் இருத்தலாகாது என்பது அரசு விதித்திருக்கும் பொது அளவு. மலைத்தேன் பல வேளைகளில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. தாண்டினால் புளித்து நுரைக்கும். அது தேனின் குணமே அன்றி விற்றவரின் வஞ்சகம் அன்று. திரி கொளுத்துவதும் நாயைத் தேடுவதும் கலப்படத்தைக் காட்டித் தரும் சோதனைகளே அல்ல. பட்டிமன்றத்தில் குறிஞ்சி நிலத்துத் தேனையும் தினையையும் பற்றி மணிக்கணக்கில் பேசிக் கைதட்டல் பெறுகிறோம். குறிஞ்சித் தேன் நம் வாசலுக்கே வந்தபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

பார்சல் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்து சேர்ந்த மூட்டை சிதைந்திருந்தாலோ எடை குறைந்திருந்தாலோ, பெறுபவர் கூச்சலிட்டுப் பயனில்லை. 'ஓப்பன் டெலிவரி' கேட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். அதன்மேல் அதிகாரியும் அவரும் அருகிருக்க மூட்டையைப் பிரித்து, எண்ணி, நிறுத்து, கண்டதை எழுதிக் கையொப்பமிடுவார்கள். யார்மீது பழி என்பது அதற்குப் பிறகுதான். இருபது ஆண்டுகளாக இதனைச் செய்துவரும் நாம், ஒரு மூட்டைக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தப் பெரியவருக்குக் கொடுக்கவில்லை.

அவர் யார்? சாம்ராஜ்நகர் மாவட்டத்துப் பிளிகிரிரங்கன் மலையிலும் மாதேசுவரன் மலையிலும் வாழும் சோளகர் குலத்தைச் சேர்ந்தவர். நம் ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம், தாளவாடிக் காடுகளிலும் அதே குலத்தார் இருக்கிறார்கள். மாநில எல்லைக்கோடு பிற்காலத்தில் வந்தது. அவர்கள் அதற்கு முன்பிருந்தே அங்கே இருப்பவர்கள். அவர்களுடைய சிற்றூருக்குப் 'போடு' என்று பெயர். பிளிகிரிரங்கன் மலைக் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அரங்கநாதர் சோளகப் பெண்ணை மணந்தவர் என்பது அவர்கள் மரபு. ஆகையால் அவர்களுக்கு அவர் மைத்துனர் முறை. சாமியையே மைத்துனர் என்று உரிமையோடு அழைப்பவர்களை நம் வாசலில் "ஏய்" என்றோம்.

அவர்கள் வாழ்ந்த காடு 1974இல் சரணாலயம் ஆயிற்று. வேட்டையும் இடம்மாற்றிப் பயிரிடுதலும் நின்றன. லாம்ப்ஸ் எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகத் தேனும் நெல்லியும் கல்பாசியும் விற்றுப் பிழைத்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002இல் திருத்தப்பட்டபின் அந்த விற்பனைக்கும் தடை வந்தது. பிறகு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள் காட்டுவாசிகளின் உடைமை என்று ஒப்புக்கொண்டது. 2011இல் அம்மலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சோளகரின் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அவ்வுரிமை பெற்றவர்களில் அவர்களே முன்னோடிகள். 1981 முதல் டாக்டர் சுதர்சன் அவர்களின் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் அங்கே மருத்துவமனையும் பள்ளியும் நடத்தி உடன் நின்றது. ஆக, நாம் சாக்கடையில் கவிழ்த்தது வெறும் தேன் அன்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் மனுக் கொடுத்துப் பெற்ற உரிமையின் விளைச்சல் அது.

இனித் தலைப்புக்கு வருவோம். ஒரு கம்பெனி பழங்குடி மக்களிடம் பொருளோ அறிவோ பெற்று வாணிகம் செய்யும்போது நம்பிக்கை எப்படி உண்டாகிறது, எங்கே முறிகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. இதனைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

அகத்தியமலையின் இருபுறமும் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். நம் பாபநாசம் பக்கத்திலும் இருக்கிறார்கள். கேரளத்துத் திருவனந்தபுரம் பக்கத்திலும் இருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டு டிசம்பரில் தாவர ஆராய்ச்சியாளர் குழு ஒன்று, டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில், கேரளப் பக்கத்திலிருந்து அம்மலை ஏறிற்று. வழிகாட்டியாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. அவர்கள் கொடுத்த காயைத் தின்றபின் இவர்களுக்கும் சோர்வு நீங்கிற்று. அது என்ன செடி என்று கேட்டால், வெளியாருக்குச் சொல்லக் கூடாதென்று அவர்கள் தயங்கினார்கள். பலமுறை கேட்டு, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று உறுதி சொன்னபிறகே செடியைக் காட்டினார்கள். அதுவே ஆரோக்கியபச்சை.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அச்செடியின் இலையோடு வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உண்டாக்கினார்கள். கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 1995இல் ஏழாண்டு உற்பத்தி உரிமம் கொடுத்தார்கள். உரிமத் தொகை ரூ. 10 இலட்சம், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. இந்த இரண்டு வரவிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்யப்பட்டது. அந்நாளில் அப்படிப் பங்கு கொடுக்கும்படி நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. உயிரினப் பல்வகைமைச் சட்டம் 2002இல்தான் வந்தது. சட்டம் சொல்வதற்கு முன்னே மனம் சொன்னதைச் செய்தார்கள். உலகெங்கும் இதனை எடுத்துக்காட்டாகப் பேசினார்கள்.

இத்தோடு நிறுத்திவிட்டால் நல்ல கதைதான். ஆனால் நாம் கணக்கு எழுதிப் பழகியவர்கள். பற்று எழுதினால் வரவும் எழுதவேண்டும். பணம் ஆயத்தமாக இருந்தும் அதனைப் பெற்றுக்கொள்ளக் காணி மக்களுக்கென்று ஓர் அமைப்பு இல்லை. அவர்கள் ஓரிடத்தில் வாழ்பவர்கள் அல்லர். பல ஊர்களில் சிதறியிருப்பவர்கள். 1997 நவம்பரில்தான் அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. 1999இல்தான் ஏறத்தாழ ரூ. 5 இலட்சத்து 19 ஆயிரம் அதன் கைக்கு வந்தது. இதற்கிடையே, "எங்களைக் கேட்டது யார்?" என்று மற்ற ஊர்க் காணிகள் கேட்டார்கள். 'பிலாத்தி' எனப்படும் வைத்தியர்களில் சிலர், மருந்தறிவு தங்களுடையதென்றும், அதை விற்க இரண்டு மூன்று இளைஞர்களுக்கு உரிமை இல்லையென்றும் எதிர்த்தார்கள். வனத்துறையோ காட்டிலிருந்து இலை வெளியே போவதற்கு இடங்கொடுக்கவில்லை. ஆகவே கம்பெனிக்கு இலை போதவில்லை. போதாக்குறைக்கு, அமெரிக்காவில் ஒரு நிறுவனம் 'ஜீவனி' என்னும் பெயரையே தன் வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது.

இதில் யாரைக் குறை சொல்வது? ஆராய்ச்சியாளர் நல்லவர், பங்கும் நியாயமானது. எனினும் நம் எளிய கருத்து இது. பங்கு எவ்வளவு என்பது முடிவான பின்னரே பங்காளிகள் யாவர் என்ற கேள்வி எழுந்தது. கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்டபின் உறவு முறை விசாரிப்பதைப் போன்றது அது. முதலில் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் தாமதமாகியிருக்கும். எப்படியும் பணம் போய்ச் சேர நான்காண்டு ஆயிற்றே!

இதற்கு மறுபுறமாக நம் செங்கற்பட்டுச் சீமையின் இருளரைச் சொல்லவேண்டும். பாம்பு பிடிப்பது அவர்கள் பரம்பரைத் தொழில். தோல் வியாபாரிகள் அவர்களிடம் அற்ப விலைக்குப் பாம்புத்தோல் வாங்கிக் கைப்பையும் செருப்புமாக ஏற்றுமதி செய்து செல்வம் சேர்த்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் வந்தபின் வியாபாரி வேறு தொழிலுக்குப் போனான். இருளருக்குப் போக்கிடம் இல்லை. 1978இல், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் அவர்களின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மகாபலிபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அதனை இன்றும் பார்க்கலாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்து, அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்நஞ்சு நாடெங்கும் பாம்புக்கடி மருந்து செய்யும் கம்பெனிகளுக்குப் போகிறது. ஆளும் அவரே, கைத்திறனும் அதுவே. தோலுக்குப் பதில் நஞ்சு, வியாபாரிக்குப் பதில் சங்கம் என்பதுதான் வேறுபாடு. 2023இல் அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தோல் விற்ற காலத்தில் அவர்களை யார் பெயர் சொல்லி அழைத்தார்கள்?

நீலகிரியிலும் கோத்தகிரிக் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியால், 2013 முதல் 'ஆதிமலை' என்று பழங்குடியினரே பங்குதாரராக உள்ள உற்பத்தியாளர் கம்பெனி நடக்கிறது. தேனும் மிளகும் காப்பியும் அதன் சரக்கு. அப்பக்கத்துத் தேன் எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் சொல்கிறார்கள். செங்குத்தான பாறையில் கொடிக்கயிற்றில் ஒருவர் இறங்கும்போது, மேலே கயிற்றைக் காப்பவர் அவருடைய மைத்துனராக, அதாவது மனைவியின் உடன்பிறந்தவராக, இருக்கவேண்டும். அண்ணன் தம்பியைக்கூட அங்கே நிறுத்துவதில்லை. தன் சகோதரி தாலியை இழக்க எவன் மனம் துணிவான்? நம்பிக்கை என்று நாம் வாயளவில் பேசுவதை அவர்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்த தடயமுள்ள பாறைக்குகைகள் இருந்தன. 2020 மே மாதத்தில் ரியோ டின்டோ என்னும் சுரங்கக் கம்பெனி இரும்புத் தாதுக்காக அவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் தகர்த்தது. அனுமதிச் சீட்டு கையில் இருந்தும், உலகமே காறித் துப்பியபின், தலைமை அதிகாரியும் மேலும் இருவரும் பதவி விலக நேர்ந்தது. கானடாவிலோ, பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை ஆராய்ந்த ஆணையம் 2015இல் 94 வேண்டுகோள்களை வெளியிட்டது. அவற்றுள் 92ஆவது, வணிக நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்டது. முதலில் கலந்து பேசுக, ஒப்புதல் பெறுக, பிறகு தொழில் தொடங்குக என்பது அதன் சாரம். நம் நாட்டில் ஒடிசாவின் நியமகிரி மலையில் தாது வெட்டலாமா என்பதை அங்குள்ள கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு சபைகள் கூடின; பன்னிரண்டும் வேண்டாம் என்றன. கேட்டால் 'வேண்டாம்' என்றும் விடை வரலாம். அதற்கு இடமில்லாத கேள்வி கேள்வியே அன்று.

இரயில்வேக்காரர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. வெள்ளையர் காலத்தில் தண்டவாளத்தின் கீழே போட்ட கட்டைகளெல்லாம் எந்தக் காட்டிலிருந்து வந்தன? சாம்ராஜ்நகரிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு இரயில் விடவேண்டும் என்று நம் சங்கத்திலேயே ஒருமுறை தீர்மானம் போட்டோம். ஊருக்குப் போக நான்கு மணி நேரம் மிச்சமாகும் என்று மகிழ்ந்தோம். நடுவில் இருக்கும் காட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தீர்மானத்தை எழுதியவர்கள் நாமே.

கார்த்திகை மாதத்தில் நாங்கள் மூவர் புறப்பட்டுப் போனோம். மைசூர் வழியாகச் சாம்ராஜ்நகருக்கு இரயில், அங்கிருந்து பஸ், பிறகு நடை. கவிழ்த்த டின்னின் விலையையும், முதல் முறை நாம் குறைத்த மூன்றில் ஒரு பங்கையும் உறையில் போட்டு எடுத்துச் சென்றோம். விசாரித்து அவர் போடுவைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று. பெரியவர் திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். அவர் மனைவியார் ராகிக் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சாப்பாடு எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

உறையை நீட்டினோம். அவர் அதனைத் தொடவில்லை. தமக்குரிய கன்னடத்தில் மெல்லப் பேசினார். "பலகையில் எழுதினீர்களே, அது இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். தீபாவளிச் சீட்டு அறிவிப்புக்காக அழித்துவிட்டோம் என்றோம். "அழித்துவிட்டால் ஆயிற்றா? பார்த்தவர் மனத்தில் அப்படியே இருக்குமே" என்றார்.

பிறகுதான் மற்றது தெரிந்தது. நம் பலகையை யாரோ கைபேசியில் படம் பிடித்துப் பக்கத்துக் காலனிகளுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அதன்பிறகு மூன்று காலனிகளில் அவரைக் காவலாளி உள்ளேயே விடவில்லை. வருஷம் முழுதும் எடுத்த தேனை வழியில் ஒரு தரகனிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். மகள் திருமணத்துக்கென்று வைத்திருந்த கணக்கு அது. இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. வெளியே வந்தபோது அண்டை வீட்டுக்காரர் சொன்னார்.

எங்களில் ஒருவர், "பெரியவரே, நாங்கள் என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள்" என்று கேட்டார். "எல்லார் முன்னாலும் கொட்டினீர்கள், எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்" என்றார். அவ்வளவே. உறையை அவர் கடைசிவரை வாங்கவில்லை. அவர் மனைவியார்தான் வாங்கி, எங்கள் எதிரிலேயே எண்ணி, டின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைத்த பங்கைத் திருப்பிக் கொடுத்தார். "பேசி ஒத்துக்கொண்ட விலை பேசியதுதான்" என்றார் அந்த அம்மையார்.

திரும்பும் இரயிலில் நமக்குப் பழைய நினைவொன்று வந்தது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது நாம் சிறுவர்கள். இவ்வூரில் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காகக் கடைகளும் குடிசைகளும் எரிந்தன. அம்மா எங்களை உள்ளறையில் பூட்டி வைத்திருந்தார்கள். கலவரம் ஓய்ந்த மறுநாள், நாங்கள் கடனுக்கு மளிகை வாங்கும் கன்னடக்காரர் கடையைத் திறந்துவிட்டு, நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் கல்லெறிந்தவர் அல்லர். எனினும் தெருவெல்லாம் பார்க்க வாசலில் நின்று, "நம் ஜனங்கள் செய்தது தப்பு, அம்மா" என்று சொன்னார். அரிசி மூட்டையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டு போனார். இனாமாகக் கொடுத்திருந்தால் அம்மா வாங்கியிருக்கமாட்டார்கள். அந்தத் தெருவில் எங்களுக்கு மறுபடியும் கால் ஊன்றியது அன்றுதான். அந்தச் சொல்லின் அருமை தெரிந்தவர்கள் நாம். அதை இன்னொருவருக்குச் சொல்ல ஆறு மாதம் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே, இப்போது எல்லார் முன்னிலும் சொல்கிறோம். சென்ற ஆனி மாதம் நம் காலனி வாயிலில் அந்தப் பெரியவர் கொண்டுவந்தது கலப்படமற்ற மலைத்தேன். அதனைப் போலி என்று நாம் பலகையில் எழுதியது பொய். அவர் சரக்கைக் கவிழ்த்தது குற்றம். அறிக்கை வந்தபின்னும் ஒரு மாதம் மறைத்து வைத்தது அதனினும் பெரிய குற்றம். அது இளைஞர்கள் செய்ததன்று, நாம் செய்தது. அவரிடமும் அவர் மனைவியாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இச்சொற்களைக் கன்னடத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். நம் காலனியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கன்னடத் தலைமையாசிரியர் அவர்கள் நமக்குப் பின்னே இதே மேடையில் அதனைப் படிப்பார்கள். பதிவு செய்து அந்தப் போடுவுக்கு அனுப்புவோம். நாளைக் காலை பலகையில் நம் கையாலேயே எழுதுவோம். அன்று படத்தை அனுப்பிய அன்பர்கள் யாவரென்று நாம் கேட்கவில்லை; அனுப்பிய இடங்களுக்கெல்லாம் இதனையும் அனுப்பிவிட வேண்டுகிறோம். வாயிற்காவலாளிகள் மாறியிருப்பார்கள்; அந்த மூன்று காலனிகளுக்கும் செயலாளர் கடிதம் கொடுத்து நேரிலேயே போவதாகச் சொல்லியிருக்கிறார்.

பண்டகசாலைக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறோம். வரும் பருவத்துக்கு அவர்களுடைய சங்கத்தின் வழியாகவே தேன் வாங்குவது. விலையை அவர்கள் சொல்வது. பாதித் தொகையைத் தேன் எடுக்கும் முன்பே அனுப்புவது. மலைத்தேன் நுரைக்கும், குளிர்ந்த இடத்தில் வைத்து விரைவில் உண்ணவேண்டும் என்று பாட்டிலில் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டுவது. ஐயம் எழுந்தால் பார்சல் அலுவலக முறைதான்: இரு தரப்பும் இருக்கப் பிரித்துப் பார்ப்பது. செயற்குழுவில் ஒரு பெரியவர், "நம் சங்கம் என்ன தருமச் சத்திரமா? மழை பொய்த்துத் தேன் வராவிட்டால் முன்பணம் போனதுதானே?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. மழை பொய்த்தால் அடுத்த பருவத்தில் கழித்துக்கொள்வதாக எழுதிக்கொள்ளலாம் என்றோம். அவருக்கு அது நிறைவளிக்கவில்லை. கயிற்றில் தொங்குபவர் அவர்களாக இருக்கும்போது நட்டப் பயம் நமக்கு மட்டும் வருவானேன் என்பது நம் வாதம். தீர்மானிப்பது பொதுக்குழு. பொதுக்குழுவுக்கு முன்னே அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டு எழுதியிருக்கிறோம். வேண்டாம் என்று அவர்கள் விடை எழுதினால் யோசனையை அப்படியே விட்டுவிடுவோம்.

இவ்விழாவுக்கு அந்தப் பெரியவரை அழைத்திருந்தோம். வருவதாக அவர் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்க்கிறீர்கள். சாம்ராஜ்நகர் இரயில் சில வேளை தாமதமாக வருவதுண்டு. இதை இலாகாவைச் சேர்ந்தவர்களே ஒப்புக்கொள்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொதுக்குழு வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு. குடும்பத்துக்கு ஒருவராவது வரவேண்டும். இப்போது தலைமையாசிரியர் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம். வணக்கம்.